வெண்மை ஒன்று, காரணம் பல: பவளத் திசு இழப்பை வகுப்பறையில் கற்பித்தல்

குழியுடலிகள் பற்றிய பாடத்தை நடத்தும்போது பவளத்தின் படம் ஒன்றைக் காட்டி, "இது ஏன் வெள்ளையாக இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான வகுப்புகளில் ஒரே விடைதான் வரும். "செத்துப்போச்சு டீச்சர்." மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள எங்கள் பள்ளியிலும் இதே விடைதான். அப்பாவோடு வள்ளத்தில் போய்ப் 'பார்' பார்த்து வந்த பிள்ளைகளும் இப்படித்தான் சொல்கிறார்கள். பவளப்பாறையைக் கடலோடிகள் 'பார்' என்றே அழைப்பார்கள்.

இந்த விடை பாதிதான் சரி. வெள்ளையாகத் தெரியும் பவளம் இறந்ததாகவும் இருக்கலாம், உயிரோடு பசியில் தவிப்பதாகவும் இருக்கலாம், ஒரு பக்கம் செத்து மறுபக்கம் பிழைத்திருப்பதாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. ஓர் அறிகுறியைப் பார்த்ததும் முடிவுக்குத் தாவாமல் காரணத்தைத் தேடும் பழக்கத்தை வளர்க்க இந்தப் பாடம் நல்ல வாய்ப்பு. எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை இரண்டு பாடவேளைகளில் நடத்தலாம். தொடக்கநிலை ஆசிரியர்கள் முதல் செயல்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு நான் எடுத்துக்கொண்ட களம் வீட்டுக் கடல்நீர்த் தொட்டி. கடலில் ஒரே நேரத்தில் நூறு காரணங்கள் செயல்படும். கண்ணாடித் தொட்டியிலோ வெப்பநிலை, உப்பளவு, ஒளி, உணவு எல்லாவற்றையும் அளக்க முடியும். வளைகுடா நாடொன்றில் இத்தகைய தொட்டிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவர், அங்கே பவளத்துக்கு நோய் வந்தால் என்னென்ன செய்கிறார்கள் என்பதைப் படங்களோடு எனக்கு விளக்கினார். பண்ணையில் வளர்த்த பவளங்களை உரிமத்தோடு வாங்கி வளர்ப்பது அங்கே நடைமுறையில் உள்ளது. நம் நாட்டுச் சட்டம் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் தெரிய வேண்டியது

பவளம் கல்லும் அல்ல, செடியும் அல்ல. அது ஒரு விலங்குக் கூட்டம். ஒவ்வொரு சிறு உயிரியும் பாலிப் எனப்படும். பாலிப்கள் கால்சியம் கார்பனேட்டால் ஆன எலும்புக்கூட்டைக் கீழே கட்டிக்கொண்டே போகின்றன. உயிருள்ள திசு அந்தக் கூட்டின்மேல் மெல்லிய போர்வைபோல மட்டுமே படர்ந்திருக்கிறது. அந்தத் திசுவுக்குள் சூசாந்தெல்லே என்ற ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையில் உருவாக்கும் உணவின் பெரும்பகுதியைப் பவளத்துக்குத் தருகின்றன. பவளம் அவற்றுக்கு இடமும் ஊட்டப்பொருளும் தருகிறது. பவளத்தின் பழுப்பு நிறம் பெரும்பாலும் இந்தப் பாசிகளால் வருவதே.

போர்வை, அதற்குள் பாசி, அடியில் வெள்ளைக் கூடு. இந்த மூன்றையும் கரும்பலகையில் வரைந்துவிட்டால் இரண்டு வகை வெண்மையையும் மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பாசி மட்டும் வெளியேறினால் போர்வை கண்ணாடிபோல ஆகிவிடும். அடியிலுள்ள வெள்ளைக் கூடு அதனூடே தெரியும். இது வெளிறுதல். நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது இது நேர்கிறது. திசு உயிரோடுதான் இருக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசிகள் மீண்டும் பெருகும், பவளம் பிழைக்கும்.

போர்வையே உரிந்து போனால் கூடு வெறுமையாக வெளியே தெரியும். இது திசு இழப்பு. அந்த இடத்தில் உயிர் இல்லை. சில நாள்களில் அதன்மேல் பச்சைப் பாசி படியத் தொடங்கும். ஆனால் மிச்சமிருக்கும் திசுவைக் காப்பாற்ற வழி உண்டு.

வேறுபடுத்தி அறிய மாணவர்களுக்கு மூன்று கேள்விகள் போதும். ஒன்று, வெண்மையான இடத்தில் பாலிப்களின் உணர்நீட்சிகள் தெரிகின்றனவா? தெரிந்தால் திசு இருக்கிறது. இரண்டு, வெண்மைக்கும் நிறத்துக்கும் இடையே கோடு கிழித்தாற்போன்ற எல்லை இருக்கிறதா, அல்லது நிறம் மெல்ல மங்கிப் போகிறதா? கூர்மையான எல்லை திசு இழப்பைக் காட்டும். மூன்று, அந்த எல்லை நாளுக்கு நாள் நகர்கிறதா?

தொட்டியில் நடப்பது என்ன?

தொட்டி வளர்ப்போர் திசு இழப்பை வேகத்தை வைத்து இரண்டாகப் பிரிக்கிறார்கள். வேகமான வகையில் கிளைப் பவளம் ஒன்று ஓரிரு நாளிலேயே முழுவதும் உரிந்துவிடும். மெதுவான வகை அடிப்பகுதியில் தொடங்கி வாரக்கணக்கில் மேலே ஏறும். அக்ரோபோரா என்ற கிளைப் பவள இனத்தில் இரண்டையும் அதிகம் காணலாம்.

காரணங்கள் பல. நீரின் காரத்தன்மை திடீரென மாறுவது, வெப்பநிலை ஏறி இறங்குவது, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அளவுக்கு மீறுவது அல்லது அறவே இல்லாமல் போவது, திசுவைத் தின்னும் தட்டைப்புழுக்கள், பாக்டீரியாக்கள், குறுயிழை உயிரிகள், பக்கத்துப் பவளம் கொட்டுவது எனப் பட்டியல் நீளும். எல்லாவற்றின் முடிவும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும்: வெள்ளைக் கூடு. அதனால் அனுபவமுள்ளவர்கள் மருந்துப் புட்டியை முதலில் தொடுவதில்லை. அவர்கள் பின்பற்றும் வரிசை இது.

முதலில் அளக்கிறார்கள். வெப்பநிலை, உப்பளவு, காரத்தன்மை, கால்சியம், நைட்ரேட், பாஸ்பேட் ஆகியவற்றைச் சோதித்து முந்தைய வாரக் குறிப்போடு ஒப்பிடுகிறார்கள். பவளத் தொட்டியில் வெப்பநிலை ஏறத்தாழ 25 முதல் 26 டிகிரி செல்சியஸ், உப்பளவு ஆயிரத்துக்கு 35 பங்கு, கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் என வைத்திருப்பது வழக்கம். அளவு தவறியிருந்தால் மெதுவாகத்தான் சரிசெய்கிறார்கள். ஒரே நாளில் இழுத்துச் சரிசெய்வது இன்னொரு அதிர்ச்சி ஆகிவிடும்.

இரண்டாவதாக, நோயுற்ற துண்டை இயன்றால் வேறு தொட்டிக்கு மாற்றுகிறார்கள். மூன்றாவதாக, தொட்டி நீரை ஒரு பாத்திரத்தில் எடுத்து அயோடின் கரைசல் கலந்து, அதில் பவளத்தைச் சில நிமிடம் முக்கி அலசுகிறார்கள். புழுக்கள் இருந்தால் அவை உதிர்வதற்கெனத் தனிக் கரைசல்கள் உண்டு. அவை புழுவின் முட்டைகளைக் கொல்வதில்லை. எனவே முட்டைகளைக் கையால் சுரண்டி எடுக்க வேண்டும். முட்டை பொரிக்கும் காலத்தைக் கணக்கிட்டு மீண்டும் மீண்டும் முக்க வேண்டும். பேன் மருந்து போட்டும் ஈர் தப்பிவிடுவதை அறிந்த பிள்ளைகளுக்கு இது உடனே புரியும்.

நான்காவது, வெட்டுதல். நோய் எல்லையைத் தாண்டி, நலமான திசுவுக்குள் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டி நுனிகளைப் பிரித்து எடுக்கிறார்கள். எல்லைக் கோட்டிலேயே வெட்டினால் பயன் இல்லை. கண்ணுக்கு நலமாகத் தெரியும் ஓரத் திசுவிலும் பாதிப்பு தொடங்கியிருக்கும். வெட்டிய துண்டுகளைப் பசையால் சிறு கல்லில் ஒட்டி வளர்க்கிறார்கள். தாய்க் கூட்டம் இறந்தாலும் அதே மரபணு கொண்ட துண்டு பிழைக்கும். பாலிலா இனப்பெருக்கத்தின் துண்டாதல் முறைக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

நுண்ணுயிர் எதிர்ப்பொருள் கடைசியில்தான் வருகிறது. அதுவும் தனிப் பாத்திரத்தில், அறிந்தவர் மேற்பார்வையில். அதைத் தொட்டியில் நேராக ஊற்றினால், மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நல்ல பாக்டீரியாக்களும் அழியக்கூடும். பவளத்துக்கு மருந்து தரப்போய் மீன்களுக்கு நஞ்சு வைத்த கதையாகிவிடும்.

மருந்து எதைக் குணமாக்குகிறது?

மருந்து பற்றிப் பேச, தொட்டியிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாக் கடலுக்குப் போக வேண்டும். 2014ஆம் ஆண்டு மயாமி அருகே, வர்ஜீனியா கீ என்ற தீவையொட்டிய கடலில், கல்பவளங்களில் ஒரு புதிய திசு இழப்பு நோய் காணப்பட்டது. அது புளோரிடாவின் பவளப்பாறைத் தொடர் முழுவதும் பரவியது. பின்னர் கரீபியன் நாடுகளையும் எட்டியது. இருபதுக்கும் மேற்பட்ட இனங்களை அது தாக்குகிறது. நூற்றாண்டு வயதுள்ள பெரும் பவளக் கூட்டங்களும் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துபோயின.

நீர்மூழ்கு வீரர்கள் ஒரு சிகிச்சை செய்தார்கள். அமாக்சிசிலின் மருந்தை மெதுவாகக் கசியவிடும் பசையில் குழைத்து, நோய் எல்லையின்மேல் விரலால் அழுத்திப் பூசினார்கள். நமக்குத் தொண்டை வலிக்கு மருத்துவர் எழுதித் தரும் அதே அமாக்சிசிலின்தான். 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்தப் பசை பூசிய புண்களில் 95 விழுக்காடு ஆறின. குளோரின் கலந்த பிசினைப் பூசிய புண்களோ, எதுவும் பூசாமல் விட்ட புண்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேம்படவில்லை.

இந்த இடத்தில் வகுப்பை நிறுத்தி, "அப்படியானால் நோய் குணமாகிவிட்டதா?" என்று கேளுங்கள். 95 என்ற எண்ணைக் கேட்டதும் எல்லாரும் ஆம் என்பார்கள். பிறகு அதே ஆய்வின் அடுத்த முடிவைச் சொல்லுங்கள். புண் ஆறிய அதே பவளத்தில் வேறிடத்தில் புதிய புண்கள் தோன்றுவதை மருந்தால் முழுவதும் தடுக்க முடியவில்லை. எனவே வீரர்கள் மீண்டும் மீண்டும் சென்று பார்த்து, மீண்டும் பூச வேண்டியிருந்தது. புண் ஆறுவது வேறு, நோய் ஒழிவது வேறு. ஒரு எண்ணைக் கேட்டதும் "எதில் 95?" என்று கேட்கப் பழக வேண்டும். இது கணிதப் பாடத்துக்கும் உதவும்.

இன்னொரு சோதனையும் வகுப்புக்கு மிகவும் ஏற்றது. கரீபியன் கடலின் அக்ரோபோரா பவளத்தைத் தாக்கும் வெண்பட்டை நோய் பற்றி 2014இல் வெளியான ஆய்வு அது. நோயுற்ற திசுவில் பாக்டீரியாக்களும் இருந்தன, திசுவைத் தின்னும் ஒரு குறுயிழை உயிரியும் இருந்தது. குற்றவாளி யார்? ஆய்வாளர்கள் நான்கு வெவ்வேறு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மெட்ரோனிடசோல் கொடுத்தபோது குறுயிழை உயிரி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தது. ஆனால் நோய் நிற்கவில்லை. ஆம்பிசிலினும் பாரோமோமைசினும் நோயை முற்றிலும் நிறுத்தின. ஆகவே சில பாக்டீரியாக்களே முதன்மைக் காரணமாக இருக்கலாம், குறுயிழை உயிரி பின்னால் வந்து சேர்ந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். களவு நடந்த வீட்டில் நின்றவர் எல்லாரும் கள்வர் அல்லர் என்பதுதான் இதன் பாடம்.

மருந்து எதிர்ப்புத் தன்மை பற்றியும் இங்கே பேசலாம். தேவையில்லாத இடத்தில், தவறான அளவில், பாதியில் நிறுத்தி மருந்து கொடுத்தால் அதைத் தாங்கும் பாக்டீரியாக்களே மிஞ்சிப் பெருகும். பவளத்துக்கும் மனிதருக்கும் ஒரே மருந்துதான் என்பதால் இந்தக் கவலை இரட்டிப்பாகிறது. இதனாலேயே நல்ல பாக்டீரியாவைக் கொண்டு நோயைத் தடுக்கும் முயற்சியும் நடக்கிறது. 2023இல் ஸ்மித்சோனியன் நிறுவன ஆய்வாளர்கள், நோயைத் தாங்கி நின்ற ஒரு பவளத்திலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா, புளோரிடா நோயின் பரவலை மட்டுப்படுத்துவதாகக் காட்டினார்கள். மருத்துவர் சொல்லாமல் கடையில் மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் பற்றி மாணவர்கள் வீட்டில் பேச இது ஒரு வாயில்.

செயல்பாடு 1: நான்கு அட்டைகள்

வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்து ஆளுக்கோர் அட்டை கொடுங்கள். இவை வகுப்புக்காக நான் எழுதிய கற்பனைத் தொட்டிகள்.

அட்டை அ: பவளம் முழுவதும் வெளுத்துள்ளது. உணர்நீட்சிகள் தெரிகின்றன. குளிரூட்டும் கருவி பழுதாகி நீர் 31 டிகிரியில் உள்ளது.
அட்டை ஆ: அடியிலிருந்து வெள்ளைக் கூடு தெரிகிறது. எல்லை கூர்மையாக உள்ளது. காரத்தன்மை மூன்றே நாளில் 8இலிருந்து 11ஆக ஏறியுள்ளது.
அட்டை இ: ஆங்காங்கே வட்டமாகக் கடித்த தடங்கள். அடிப்பகுதியில் பழுப்பு முட்டைக் கூட்டங்கள்.
அட்டை ஈ: திசுவின்மேல் பழுப்பு நிறக் கூழ் படர்ந்துள்ளது. நாற்றம் வீசுகிறது. பக்கத்துப் பவளத்திலும் தொடங்கியுள்ளது.

ஒவ்வொரு குழுவும் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். திசு இருக்கிறதா, போய்விட்டதா? முதலில் எதைச் செய்வீர்கள்? எதைச் செய்யவே கூடாது? அட்டை அ-வுக்கு மருந்தே தேவையில்லை. நீரை மெல்லக் குளிர்விப்பதே சிகிச்சை. ஆ-வில் காரத்தன்மையை மெதுவாகப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இ-யில் கரைசலில் முக்கி முட்டைகளைச் சுரண்ட வேண்டும். ஈ-யில் உடனே தனிமைப்படுத்தி, கூழைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, நலமான பகுதியை வெட்டிப் பிரிக்க வேண்டும். நான்கும் வெண்மையில்தான் முடியும். சிகிச்சை நான்கு விதம்.

தொடக்கநிலை வகுப்புகளில் அட்டைகளுக்குப் பதிலாகப் படம் வரைந்து, "போர்வை இருக்கிறதா, இல்லையா?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

செயல்பாடு 2: கட்டத்தாளில் கணக்கு

கட்டத்தாளில் ஒரு பவளத்தின் உருவத்தை வரையச் சொல்லுங்கள். உயிருள்ள பகுதி முதல் நாள் 120 கட்டம், இரண்டாம் நாள் 96, மூன்றாம் நாள் 72. ஒரு நாளைக்கு எத்தனை கட்டம் இழப்பு? இப்படியே போனால் எந்த நாளில் ஒன்றும் மிஞ்சாது? 24 கட்டம், ஆறாம் நாள் என்று கணக்கிட்டுவிடுவார்கள்.

மூன்றாம் நாள் மாலை மருந்து கொடுத்தோம். நான்காம், ஐந்தாம், ஆறாம் நாள்களில் 66 கட்டம் மாறாமல் நிற்கிறது. மருந்து வேலை செய்ததா? வகுப்பு ஒருமித்து ஆம் என்று சொன்ன பிறகு இரண்டாவது தாளைக் காட்டுங்கள். அதே தொட்டியில் மருந்தே கொடுக்காத இன்னொரு பவளமும் அதே நாளில் இழப்பை நிறுத்திவிட்டது. காரணம், அன்று காலையிலிருந்தே நீரின் காரத்தன்மை சரிசெய்யப்பட்டு வந்தது.

வகுப்பில் சலசலப்பு எழும். அந்தச் சலசலப்பை அடக்க வேண்டாம். கட்டுப்பாட்டுக் குழு என்ற கருத்தை வரையறையாகச் சொல்வதற்கு முன்பே அதன் தேவையை மாணவர்கள் உணரும் நேரம் அது. புளோரிடா ஆய்வில் எதுவும் பூசாமல் விட்ட பவளங்கள் ஏன் தேவைப்பட்டன என்று இப்போது அவர்களே சொல்வார்கள். என் வகுப்பில் ஒரு மாணவி, "அப்போ காய்ச்சல் தானா விட்டாலும் மாத்திரையாலதான் விட்டுச்சுன்னு நெனைப்போம்ல டீச்சர்?" என்று கேட்டாள். பாடத்தின் நோக்கம் நிறைவேறியது என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

நம் கடல், நம் சட்டம்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடற்பகுதி 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் இங்கே பவளங்கள் பெருமளவில் வெளிறின. வெப்பம் தணிந்ததும் ஒரு பகுதி மீண்டது, ஒரு பகுதி இறந்தது. வெள்ளையாக இருக்கிறதே என்று அதை இறந்ததாக எண்ணி மிதிப்பதும், நங்கூரம் போடுவதும், உடைத்து எடுப்பதும் மீளவிருந்த உயிரைக் கொல்வதாகும். கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு செய்தி போய்ச் சேர்ந்தாலே பெரும் பயன்.

நலமான துண்டை எடுத்து நட்டு வளர்க்கும் முறை தொட்டியோடு நின்றுவிடவில்லை. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையம் 2002 முதல் மன்னார் வளைகுடாவில் பவளத் துண்டுகளைச் செயற்கைத் தளங்களில் பொருத்தி வளர்த்துவருகிறது. புளோரிடாவிலும் நோய் எட்டுமுன்பே பவளங்களை எடுத்து, அமெரிக்காவின் பல உயிரியல் பூங்காக்களிலும் காட்சித் தொட்டிகளிலும் வைத்துக் காக்கிறார்கள். தொட்டியில் பவளம் வளர்க்கும் நுட்பம் அங்கே ஓர் இனத்தின் காப்பகமாகிவிட்டது.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கு உள்ள பாதுகாப்பே பவளத்துக்கும். கடலிலிருந்து பவளம் எடுப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். எனவே கரையில் ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் மாதிரிக்காக எடுத்து வரும்படி மாணவர்களிடம் சொல்லாதீர்கள். களிமண்ணால் கூடும் அதன்மேல் ஈரத் துணியால் போர்வையும் செய்து காட்டலாம். கால்சியம் கார்பனேட்டைக் காட்ட முட்டை ஓடும் வினிகரும் போதும்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. வெளிறிய பவளத்தையும் திசு இழந்த பவளத்தையும் எவ்வாறு வேறுபடுத்தி அறிவாய்?
2. நோய் எல்லைக் கோட்டிலேயே வெட்டாமல் உள்ளே தள்ளி வெட்டுவது ஏன்?
3. 95 விழுக்காடு புண்கள் ஆறின என்பதற்கும் 95 விழுக்காடு பவளங்கள் குணமாயின என்பதற்கும் உள்ள வேறுபாடு என்ன?
4. மெட்ரோனிடசோல் கொடுத்தபின் குறுயிழை உயிரி குறைந்தது, நோய் நிற்கவில்லை. இதிலிருந்து நீ அறிவது என்ன?
5. உன் வீட்டில் செடியின் இலை மஞ்சளானால், மருந்து வாங்குமுன் எவற்றையெல்லாம் பார்ப்பாய்?

ஐந்தாவது வினாவை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். நீர் தேங்கியதா, வெயில் போதவில்லையா, இலையின் அடியில் பூச்சி இருக்கிறதா, எந்த இலை முதலில் மஞ்சளாயிற்று என்று பிள்ளைகள் பட்டியலிட்டு வருவார்கள். பவளம் பார்க்காத மலைக் கிராமத்துப் பள்ளியிலும் இந்தப் பாடத்தை நடத்த முடியும் என்பதற்கு அந்தப் பட்டியலே சான்றாகும்.